தன் உண்மைகளுக்குள் மட்டும்

லூட்டன் விமான நிலையத்தில்
பெட்டி ஏற்றுகிற ஆள் நான்.
பதினான்கு வருடம்
சட்டமாகவும் இருந்தேன்.
அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை.

நடந்தது இவ்வளவுதான்:
குளியலறை சீலிங் ஒழுகியது.
தோளில் தூங்குகிற மகள், கையில் பால் பை,
படிக்கட்டில் எதிரே வந்தான் கேர்டேக்கர் டெஸ்மண்ட்.
“தண்ணி சொட்டுது, ஆளை அனுப்பு” என்றேன்.
தலையாட்டினான்.
மூன்றாம் கிழமை சீலிங் இறங்கி
மனைவியின் மணிக்கட்டை முறித்தது.

எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை
என்றது வீட்டுக்காரக் கம்பனி.

லண்டன், ஸ்ட்ராண்ட், மேல்முறையீட்டு மன்றம்.
மூன்று நீதிபதிகள்.
படிக்கட்டில் போகிறபோக்கில் சொன்ன சொல்
அறிவிப்பு ஆகாது என்றார்கள் இரண்டு பேர்.
ஒருவருக்கு வருத்தம்தான்.
“என் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன” என்றார்.
கட்டியவர் செத்து நூறு வருடம்,
யாருடையதோ குதிரை லாயம் பற்றிய வழக்கில்.

மூன்றாமவர் ஒரு பெண்மணி.
தனியே எழுதி வைத்தார்:
படிக்கட்டும் வீட்டைச் சேர்ந்ததுதான்.
அந்த வரியை வைத்து அன்றைக்கு
ஒரு ஆணிகூட வாங்க முடியவில்லை.

பிறகு என் பெயர் வேலைக்குப் போகத் தொடங்கியது.
நான் படுத்த பிறகும் போனது.
எனக்குத் தெரியாது.
ஒருநாள் இடைவேளையில், பெட்டிப் பிரிவு கேரல் பிட்டம்
தன் வழக்கறிஞர் கடிதத்தோடு வந்து கேட்டாள்:
“இது நீயா?”
தவகுலசிங்கம் எதிர் ஹார்ட்வெல், பத்தி முப்பத்தொன்று.
அவளுடைய ஈரச் சுவருக்கும் நான்தான் பதில்.
லீட்ஸில், பிளிமத்தில், எங்கெங்கோ
கறுப்பு அங்கிகள் எழுந்து நின்று
தாவகூலா என்று உடைத்துச் சொல்வார்களாம்.
உடைந்த பெயராலும் அடிக்க முடிகிறது.
தோற்றவன் நான்;
தோற்கடிக்க என்னைத்தான் கூட்டிப்போனார்கள்.

கேரலிடம் மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கு என்று இருவருக்கும் விளங்கவில்லை.

ஹல் நகரத்து மோரீன் டாக்ரேயும்
படிக்கட்டில்தான் சொன்னாள்.
ஆனால் கேட்டவன்
பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டான்.
அது வேறு, இது வேறு என்றது மன்றம்.
என்மேல் கைவைக்கவில்லை.
பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வெட்டியது.

அந்தக் கதவால் டார்பியிலிருந்து ஒருவர் நுழைந்தார்,
தொலைபேசியில் பதிந்த குரலோடு.
ஸ்வான்சீயில் காது கேளாத ஒரு பையன்
விரலை நீட்டி மேலே காட்டியிருந்தான்;
விரலுக்கும் இடம் கிடைத்தது.
இந்த நாட்டில் சுவரை இடிக்கமாட்டார்கள்.
கதவு வைப்பார்கள், இன்னொரு கதவு வைப்பார்கள்,
கடைசியில்
சுவர் எங்கே என்று கேட்பார்கள்.

கோவென்ட்ரிக்காரி ஒருத்திக்கு
உள்ளங்கையும் இல்லை, பதிவும் இல்லை.
படிக்கட்டு, ஒரு வார்த்தை,
அச்சு அசலாக நான்.
பாராளுமன்றத்துக்கு எதிரேயிருக்கும்
எல்லாவற்றுக்கும் மேலான மன்றம்வரை போனாள்.
அங்கே வாசித்தார்கள்,
இரண்டு வருடம் முன் காலமான பெண்மணியின் வரியை:
படிக்கட்டும் வீட்டைச் சேர்ந்ததுதான்.
இந்த முறை அது சட்டம்.

என்னைத் தவறு என்று சொல்லவில்லை.
அவ்வளவு மரியாதை.
தவகுலசிங்கம் வழக்கு
தன் உண்மைகளுக்குள் மட்டும் அடங்கும் என்றார்கள்.

“அப்படியென்றால்?” என்றேன்.
கேரல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
“இனிமேல் அது உன் சீலிங், உன் டெஸ்மண்ட்,
உன் பால் பை. வேறு யாருக்கும் இல்லை.”

எனக்கு எப்போதும் அதுதானே வழக்கு.

கட்டிய செலவுத்தொகை திரும்பாது.
மழை வந்தால் மணிக்கட்டு முந்திக்கொண்டு சொல்லும்.

நேற்று இரவு வேலை முடிந்து வருகிறேன்,
படிக்கட்டில் புதுக் கேர்டேக்கர்,
போலந்துக்காரன், பெயர் இன்னும் வாயில் வரவில்லை.
“மூன்றாம் மாடி விளக்கு எரியவில்லை” என்றேன்.
சரி என்றான்.
நின்றேன் கொஞ்ச நேரம்,
அவன் எதிலாவது எழுதுகிறானா என்று பார்த்தபடி.